கழற்றிப் போட்ட அம்பாசிடரை வீட்டிலேயே திரும்பப் பூட்டுவது: எதற்கு அப்புறம் எது

பாடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றி, துருப்பிடித்த தகரத்தை வெட்டி ஒட்டி, டிங்கர் வேலை முடிந்து, இனிமேல் பூட்ட வேண்டியதுதான் என்ற நிலையில் நிற்கும் பெட்ரோல் அம்பாசிடருக்கான வழிகாட்டி இது. 1489 சிசி இன்ஜின், முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கில் பாரம் தாங்கும் கம்பி), பின்பக்கம் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய மாடல்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பத்மினி வைத்திருப்பவர்களுக்கும் இந்த வரிசை பெரும்பாலும் பொருந்தும். அதில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங் என்பதால் அந்தப் பகுதி மட்டும் மாறும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஷெட்டில் பாதியில் நிற்கும் வண்டிகளைப் பார்த்த வரையில், காசு தீர்ந்து நின்றவை குறைவு. பெயின்ட் அடித்து, கண்ணாடி மாட்டி, சீட்டும் போட்ட பிறகு ஏதோ ஒரு குழாய் கசிகிறது, ஒரு வயர் பேசவில்லை என்று தெரிந்து, அதற்காக நாலு வேலையைத் திரும்பக் கழற்ற வேண்டி வந்து சலித்துப் போனவர்களே அதிகம். அதனால் கீழே உள்ள படிகள் எல்லாம் ஒரே விதியை ஒட்டித்தான் போகின்றன: ஒரு பாகத்தை இன்னொரு பாகம் மூடப் போகிறது என்றால், மூடுவதற்கு முன்பே அதைச் சோதித்து முடித்துவிட வேண்டும்.

1. முதல் நட்டைத் தொடும் முன்

முதலில் காகிதம். சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் மாறியிருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதிய வேண்டும். நம்பர் இருக்கும் இடத்தில் பட்டியோ (பள்ளம் நிரப்பும் புட்டி) கெட்டியான பெயின்டோ ஏறினால் பிறகு படிக்க முடியாது, அதனால் இதைப் பெயின்டருக்கும் சொல்லி வையுங்கள். 50 வருடம் தாண்டிய சொந்த உபயோக வண்டி அசல் அமைப்பிலேயே இருந்தால் 2021இல் வந்த விதித் திருத்தப்படி விண்டேஜ் என்று பதியலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. எந்த வழி என்பதை இப்போதே முடிவு செய்தால், ஆல்டர்னேட்டர் போடலாமா, வேறு கார்புரேட்டர் மாட்டலாமா என்ற கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

அடுத்தது பாகங்கள். நம் ஊரில் மாம்பழ சீசன் முடிந்ததும் பிளாஸ்டிக் கிரேட் மலிவாகக் கிடைக்கும். முன் சஸ்பென்ஷன், பின் ஆக்சில், பிரேக், ஒவ்வொரு கதவு என்று தனித்தனி கிரேட். இடது, வலது என்று எழுதிய அட்டையைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். மார்க்கர் மை பெட்ரோல் பட்டால் அழிந்துவிடும். பூட்டத் தொடங்கும் முன் ஒவ்வொரு கிரேட்டிலும் என்ன குறைகிறது என்று ஒரு பட்டியல் போட்டு, ஒரே பயணத்தில் வாங்குங்கள். ரப்பர் சாமான், பிரேக் கிட், பீடிங் போன்றவற்றுக்குப் பெங்களூரு ஜே.சி. ரோடு நமக்குப் பக்கம். பழைய அசல் பாகம்தான் வேண்டும் என்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். புஷ் கடைவது, ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) செய்வது எல்லாம் ஓசூர் லேத் பட்டறைகளிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, மரை (திரெட்). புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. அம்பாசிடரின் போல்ட்டுகள் பெரும்பாலும் இஞ்சு அளவு. கடையில் சுலபமாகக் கிடைப்பது மி.மீ. அளவு. 5/16 இஞ்சு மரையில் 8 மி.மீ. போல்ட் முதல் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். இறுக்கம்தானே என்று ஸ்பேனர் போட்டால் பாடியில் உள்ள மரை போய்விடும். ஸ்பேனரும் அப்படியே. 1/2 இஞ்சு என்பது 12.7 மி.மீ., 13 மி.மீ. ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கும். இஞ்சு ரிங் ஸ்பேனர் செட் ஒன்று, டார்க் ரெஞ்ச் ஒன்று, மரை வெட்டும் இஞ்சு டேப் செட் ஒன்று, அந்த மாடலுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவல் ஒன்று. இவை இல்லாமல் தொடங்காதீர்கள்.

கடைசியாக, வண்டியை ஹாலோ பிளாக் மேல் நிறுத்தாதீர்கள். அது கொஞ்சமும் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு நாலு வாங்குங்கள், அல்லது கெட்டியான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள்.

2. பெயின்டுக்கு முன் ஒரு தடவை வெறும் தகரத்தில் பூட்டுங்கள்

கதவு, பானட், டிக்கி, முன் மட்கார்டு, கிரில், பம்பர் எல்லாவற்றையும் பிரைமர் நிலையிலேயே மாட்டிப் பாருங்கள். வெட்டி ஒட்டிய பாடியில் இடைவெளி கோணலாக வருவது சகஜம். இப்போது தெரிந்தால் சுத்தியலும் வெல்டிங்கும் போதும். பெயின்டுக்கு அப்புறம் தெரிந்தால் பெயின்டும் போகும்.

வரிசை முக்கியம். பின் கதவில் தொடங்குங்கள், ஏனென்றால் அதற்குப் பின்னால் இருக்கும் பாடி அசையாது, அதுதான் அளவுகோல். பின் கதவை ஒட்டி முன் கதவு, முன் கதவை ஒட்டி மட்கார்டு, இரண்டு மட்கார்டையும் ஒட்டி பானட். முன்னாலிருந்து தொடங்கினால் எல்லாப் பிழையும் சேர்ந்து பின் கதவில் வந்து நிற்கும், அங்கே தள்ள இடமிருக்காது.

இந்த வேலையை வண்டி சக்கரத்தில் நிற்கும்போது செய்யுங்கள். அம்பாசிடரில் தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் பாரம் தாங்குகிறது. நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிய நிலையில் கதவு அழகாக உட்காரும், கீழே இறக்கியதும் உரசும். கழற்றிய பழைய சஸ்பென்ஷனையே தற்காலிகமாக மாட்டி நிறுத்தலாம். இறக்கிய பின் கதவு இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவு மாறுகிறது என்றால் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் இன்னும் துரு இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

எல்லாம் பொருந்தியதும் கீல்களைச் சுற்றி ஊசியால் கோடு கிழித்து, மாட்டிய ஷிம்களை அந்தந்த இடத்தின் பெயர் எழுதிய கவரில் போடுங்கள்.

3. பெயின்டில் கவனிக்க வேண்டியது

பெயின்ட் அடிக்கும் கலை வேறு விஷயம். பூட்டும் வேலைக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். மரை துவாரங்களில் பழைய போல்ட்டைப் போட்டு மூடச் சொல்லுங்கள். எர்த் வயர் வரும் இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கிரானைட் பட்டறை பக்கத்தில் இருந்தால் காற்று அடங்கிய அதிகாலை நேரமே நல்லது, அந்தத் தூள் ஈரமான பெயின்டில் உட்கார்ந்தால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்க வேண்டாம்.

பெயின்ட் வந்ததும் ஒவ்வொரு மரையிலும் மரை வெட்டும் டேப்பை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் விட்டால், மட்கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு போல்ட் ஏறாமல் நிற்பீர்கள், பெயின்டும் கீறும்.

4. அடிப்பாகக் குழாய்கள்

சஸ்பென்ஷனுக்கு முன் பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் போக வேண்டும். ஆக்சில் வந்த பிறகு கை நுழையாது. பழைய பைப்பைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் வளைவுக்கு மாதிரி. புது பிரேக் பைப் ஸ்டீலாக இருக்கட்டும். வெறும் செம்புக் குழாய் வளைக்கச் சுலபம், ஆனால் அதிர்வில் நாளடைவில் கெட்டிப்பட்டு வெடிக்கும்.

பெட்ரோல் லைனில் உள்ள எல்லா ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பரும் கார்க் பேக்கிங்கும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். பம்ப் டயாபிராம், கார்புரேட்டர் கிட்டுக்கும் இதே கேள்வி.

5. சஸ்பென்ஷன், ஆக்சில், ஸ்டீயரிங்

பின்பக்கம் முதலில். பட்டை, ஷேக்கிள், ஆக்சில், யு போல்ட் என்ற வரிசையில் மாட்டுங்கள். ஆனால் ரப்பர் புஷ் உள்ள எந்த நட்டையும் முழுதாக இறுக்காதீர்கள். கை இறுக்கத்தோடு விடுங்கள். வண்டி சக்கரத்தில் நின்று பாரம் ஏறிய பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும், வண்டி உயரமும் சரியாக உட்காராது. அனுபவம் உள்ளவர்கள்கூட அவசரத்தில் இதை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

முன்பக்கம் டார்ஷன் பாரில் இரண்டு விஷயம். இடது பார் இடதுக்கும் வலது பார் வலதுக்கும்தான், ஏனென்றால் ஓடி ஓடி ஒரு திசையில் முறுக்குப் பழகிய கம்பி அது. எதிர்த் திசையில் முறுக்கினால் உடையலாம். இன்னொன்று, அதன் மேல் கீறல் விழக் கூடாது. துருவை கிரைண்டரால் எடுக்க நினைக்காதீர்கள், எமரி பேப்பரால் நீளவாக்கில் தேய்த்துப் பெயின்ட் அடியுங்கள். சின்னக் கீறலில்தான் உடைப்பு தொடங்கும். வண்டி உயரம், கம்பி முனையில் உள்ள பல் எந்த இடத்தில் மாட்டுகிறது என்பதைப் பொறுத்தது. கழற்றும்போது குறித்த அடையாளத்தில் மாட்டி, இறக்கி, இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்.

கிரீஸ் நிப்பிள் உள்ள எல்லா இடத்திலும், பாரம் இல்லாத நிலையில், புது கிரீஸ் வெளியே எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். ஸ்பிளிட் பின் எதையும் பழையதைத் திரும்பப் போடாதீர்கள்.

டிஃபரன்ஷியல் ஆயில் ஊற்றும் வரை ஸ்டீயரிங்கில் ‘ஆயில் இல்லை’ என்று அட்டை கட்டி வையுங்கள். கியர்பாக்ஸுக்கும் இன்ஜினுக்கும் அப்படியே. இரண்டு பேர் மாறி மாறி வேலை செய்யும் வீட்டில் இந்த அட்டை டிஃபரன்ஷியலின் கிரவுன் பல்சக்கரத்தையே காப்பாற்றும்.

6. பிரேக்: இன்ஜின் வரும் முன் முடியுங்கள்

இன்ஜின் இல்லாதபோது எல்லா ஜாயின்டும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். அதனால் இப்போதே பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுத்துவிடுங்கள், அதாவது குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றிவிடுங்கள்.

முதலில் ஒவ்வொரு டிரம்மையும் மாட்டி, அட்ஜஸ்டரை லைனிங் உரசும் வரை இறுக்கி, சக்கரம் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். இதைச் செய்யாமல் ஏர் எடுத்தால் பெடல் எவ்வளவு மிதித்தாலும் கீழேயே போகும். ஏர் நிற்கிறது என்று நினைத்து லிட்டர் கணக்கில் ஆயிலை வீணாக்குவார்கள்.

மாஸ்டர் சிலிண்டரில் இருந்து தூரமான சக்கரத்தில் ஏர் எடுக்கத் தொடங்குங்கள். நம் வண்டிகளில் அது இடது பின் சக்கரம். அப்புறம் வலது பின், இடது முன், வலது முன். நீளமான குழாயில் உள்ள காற்று முதலில் போனால்தான் மற்றவை சுத்தமாக நிற்கும்.

முடிந்ததும் பெடலுக்கும் சீட் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கட்டையை அடைத்து, பெடல் மிதித்த நிலையிலேயே ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஒவ்வொரு ஜாயின்டிலும், டிரம்மின் உள்பக்கத்திலும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அங்கே வேலை இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. பிரேக் ஆயில் பெயின்டைக் கரைக்கும், சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிரேக் பாகங்களைப் பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில் எதிலும் கழுவாதீர்கள், உள்ளே உள்ள ரப்பர் வாஷர் ஊதிப்போய் பிரேக் பிடித்துக்கொள்ளும்.

7. வயரிங்

டேஷ்போர்டுக்கும் ரூஃப் லைனிங்குக்கும் முன்னால் வயரிங் போக வேண்டும், ஏனென்றால் இரண்டும் அதை மூடும். இழுக்கும் முன் லூமை (வயர்க் கட்டை) தரையில் விரித்து, ஒவ்வொரு முனையிலும் எங்கே போகிறது என்று எழுதி ஒட்டுங்கள். பழைய லூகாஸ் ஒழுங்கில் பழுப்பு என்றால் பேட்டரியில் இருந்து நேராக வருவது, வெள்ளை சாவி வழியாக, பச்சை சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியாக, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் மற்றும் பின் விளக்கு, கறுப்பு எர்த். ஆனால் இத்தனை வருடத்தில் எத்தனை கை பட்டிருக்குமோ! நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் ஒவ்வொன்றையும் பாருங்கள்.

டைனமோ உள்ள பழைய வண்டியில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம். பேட்டரி கிளாம்ப்பையும் பழைய இணைப்பையும் பார்த்து உறுதி செய்யாமல் பேட்டரி மாட்டாதீர்கள்.

எர்த் வேலையை அலட்சியம் செய்தவர்கள்தான் பிறகு வாரக் கணக்கில் அலைகிறார்கள். பாடியில் எர்த் வரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்காருவதால் அதற்கும் பாடிக்கும் தனியாக எர்த் பட்டை கட்டாயம். அது இல்லையென்றால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் சோக் கேபிள் வழியாகப் பாய்ந்து, கேபிள் சிவந்து புகையும்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது பேட்டரிக்கும் வயரிங்குக்கும் நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடரில் போடுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பளீரென்று எரியும், வயர் பிழைத்துக்கொள்ளும்.

8. இன்ஜினும் கியர்பாக்ஸும்

இரண்டையும் தரையில் சேர்த்துவிட்டு ஒன்றாக இறக்குவதுதான் சுலபம். கிளச் பிளேட்டின் எந்த முகம் பிளைவீல் பக்கம் என்று பார்த்து, பழைய இன்புட் ஷாஃப்டால் நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட்டைக் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கியர்பாக்ஸை நுழைக்கும்போது அதன் பாரம் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. போல்ட் பிடிக்கும் வரை ஒருவர் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கி இழுத்து நுழைப்பது பெருந்தவறு, பிளேட் வளைந்து கிளச் பிரியாது.

கேஸ்கெட்டில் சீலன்ட் தடவும்போது மெல்லியதாக. உள்ளே பிதுங்கும் சிலிகான் உடைந்து விழுந்து ஆயில் பம்ப் வலையை அடைக்கும். இந்த இன்ஜினின் பின்பக்க கிராங்கில் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் சுருள் வெட்டுதான் உண்டு. அங்கே ஒன்றிரண்டு சொட்டு விழுவது அதன் இயல்பு. அதற்காக இன்ஜினை மறுபடி வெளியே எடுக்க வேண்டாம்.

ரேடியேட்டரும் கிரில்லும் இல்லாமல் செயின் பிளாக்கில் தூக்கி, கியர்பாக்ஸ் பக்கம் சரித்து இறக்குங்கள். மட்கார்டில் பழைய கம்பளி போடுங்கள். ஒருவர் செயினில், ஒருவர் முன்னால், ஒருவர் வண்டிக்கு உள்ளே இருந்து வழிகாட்ட. ஆள் குறைந்தால் வேலையை நாளைக்குத் தள்ளுங்கள். தூக்கிய இன்ஜினுக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

9. முதல் ஸ்டார்ட்: சீட்டுக்கும் கண்ணாடிக்கும் முன்னால்

நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு ஹேண்டிலால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் தட்டாமல் வந்தால், பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றி ஆயில் பிரஷர் ஏறுகிறதா பாருங்கள். புது பேரிங்கில் ஆயில் இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் முதல் சில வினாடியிலேயே தேய்மானம் தொடங்கிவிடும்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீர் கடினமானது, ஃபுளோரைடும் சேர்ந்தது. கொதித்து ஆறும்போது உப்பு படிந்து புது ரேடியேட்டரையும் அடைத்துவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான்.

டைமிங்கில் (பிளக்கில் பொறி விழும் நேரத்தில்) எல்லோரும் சிக்குவது ஒரே இடம். கிராங்க் புல்லியில் அடையாளம் சேர்ந்துவிட்டது என்று டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டிவிடுவார்கள். ஆனால் அந்த அடையாளம் நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டு தடவை வரும். முதல் சிலிண்டர் பிளக் துவாரத்தில் கட்டைவிரலை வைத்துச் சுற்றி, காற்று விரலைத் தள்ளும் சுற்றில் வரும் அடையாளம்தான் சரி. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ., ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) 1-3-4-2. ரோட்டர் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே பிளக் வயரை வரிசையாகப் போடுங்கள்.

புது கேம்ஷாஃப்டும் டேப்பட்டும் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஸ்லோவில் விடாதீர்கள். 2000 ஆர்.பி.எம். அளவில் 20 நிமிடம் ஓட வேண்டும், அப்போதுதான் கேம் முனைக்கு ஆயில் தெறித்து அது டேப்பட்டோடு பழகும். ஒருவர் ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் பார்க்க, இன்னொருவர் தீயணைப்பானோடு கார்புரேட்டர் பக்கத்தில் நிற்கட்டும்.

10. ரூஃப் லைனிங், கண்ணாடி, கதவு

ரூஃப் லைனிங் கண்ணாடிக்கு முன்னால், ஏனென்றால் துணியின் ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில் மறைகிறது. குஷன் கடைக்காரரை இந்தக் கட்டத்தில்தான் கூப்பிட வேண்டும்.

கண்ணாடிக்கு முதலில் ரப்பரை மாட்டி, ரப்பரின் வெளி வரிப்பள்ளத்தில் கெட்டியான நைலான் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையையும் உள்ளே விடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெல்ல உருவினால் ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்காரும். குளிர்ந்த காலையில் ரப்பர் முரண்டு பிடிக்கும், கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு எடுங்கள்.

கதவுக்குள் ரெகுலேட்டர், ஃபெல்ட், கண்ணாடி, லாக் எல்லாம் வேலை செய்வதைப் பார்த்த பிறகு உள் அட்டையை மூடுங்கள். அட்டைக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஷீட் ஒட்ட மறக்காதீர்கள். கதவின் அடியில் உள்ள தண்ணீர் துவாரங்கள் பட்டியால் அடைந்திருந்தால் திறந்துவிடுங்கள், பழைய கதவு அழுகியதற்கே காரணம் அந்த அடைப்புதான்.

11. ஓட்டமும், அப்புறம் தரை விரிப்பும்

டிரைவர் சீட்டை மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். முதலில் தெருவுக்குள் பிரேக், ஸ்டீயரிங். அப்புறம் பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் போகும் சாலை போல, ஓரமாக நிறுத்த இடமுள்ள வழி. 44ஆம் நெடுஞ்சாலை இப்போது வேண்டாம், தொப்பூர் இறக்கம் வேண்டவே வேண்டாம். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கமும் பிரேக் லைனிங் டிரம்மில் முழுதாகப் படிந்த பிறகுதான்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் நாலு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீல் நட், யு போல்ட், ஸ்டீயரிங் ஜாயின்ட் எல்லாம் மறுபடி இறுக்கம் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். ஹோஸால் கதவு ஓரம், கண்ணாடி, கூரை என்று கீழிருந்து மேலாக ஊற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பிரிக்க முடியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். தரை காய்ந்தே இருந்தால்தான் விரிப்பும் மற்ற சீட்டுகளும். ஈரத்தின் மேல் விரிப்பைப் போட்டால் ஒரே மழைக்காலத்தில் புதுத் தரையும் துருப்பிடிக்கும்.

500 கிலோமீட்டரில் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். இன்ஜின் முழுதாக ஆறிய நிலையில் ஹெட் நட்டுகளை மேனுவலில் உள்ள வரிசையிலும் அளவிலும் திரும்ப இறுக்கி, அதற்கு அப்புறம் வால்வ் இடைவெளி பாருங்கள். ஹெட் இறங்கினால் இடைவெளியும் மாறும் என்பதால் இந்த இரண்டையும் முன்பின்னாகச் செய்யக் கூடாது. கதவு இடைவெளியையும் அன்றைக்கே ஒரு தடவை பார்த்து, கீல் ஸ்குரூக்களைக் கடைசி இறுக்கு இறுக்குங்கள்.